ஏழாவது படத்தின் நிழல்

பிப்ரவரி 6

அன்புள்ள ஆணிக்கு,

நான் சௌக்கியம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். நீயும் அப்பாவும் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன்.

இந்தப் பார்சலில் இரண்டு படங்கள் இருக்கின்றன. முதலாவது, பல் டாக்டரிடம் வந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண். இரண்டாவது, பேருந்து நிறுத்தத்தில் மூன்று பேர். இந்த முறை எல்லாமே காத்திருப்பவர்கள்தான். என் வீட்டுக்காரர் பல் செட் செய்யும் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு கிடக்கிறதே, அங்கே உட்கார்ந்து நான்கு மாதம் ஆட்களைப் பார்த்தேன். வந்தவர்களில் பாதிப் பேர் எனக்கும் பல்வலி என்று நினைத்து அனுதாபப்பட்டார்கள்.

மே இருபதாம் தேதி என் கண்காட்சி திறப்பு. பன்னிரண்டு படங்கள் வேண்டும். காட்சிக்கூடத்து அம்மாள் கறாரான ஆள். "பன்னெண்டுன்னா பன்னெண்டு, குறைஞ்சா சுவர் இளிக்கும்" என்று சொல்லிவிட்டார்.

விதிகளை உனக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் பயத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். நீ படத்தின் மேல் பட்டர் பேப்பரை விரித்து, தப்பு இருக்கும் இடத்தில் சிவப்புப் பென்சிலால் குறிப்பாய். குறி இருந்தால் படம் தாளோடு என்னிடம் திரும்பி வரும். இல்லாவிட்டால் உன் கடையிலேயே நேரே ஃபிரேமுக்குள் போகும். படத்தைப் பற்றி போனில் பேசக்கூடாது, குரலை வைத்து ஏமாற்றிவிடலாம். கல்லூரி முடிந்து, நாம் ஒன்றாக இருந்த விடுதி அறையைக் காலி செய்தபின் போட்ட விதி. பதினெட்டு வருஷத்தில் என் படம் ஒன்றுகூட முதல் தடவையிலேயே ஃபிரேமுக்குள் போனதில்லை. நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை நீ எழுதியதும் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முந்தைய கண்காட்சியை நீ மறந்திருக்கமாட்டாய். "நல்ல மாணவியின் வீட்டுப்பாடம்" என்று அந்தப் பத்திரிகைக்காரர் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டார். நான் பதினோரு மாதம் தூரிகையைத் தொடவில்லை. இந்த முறையும் அப்படி ஆனால் நான் கடையைக் கட்டிவிட வேண்டியதுதான். அதனால் தாட்சண்யம் பார்க்காமல் குறி. மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நீ சொல்லிவிட வேண்டும்.

உன்,
கொசு


பிப்ரவரி 14

கொசுவுக்கு,

பார்சல் நசுங்காமல் வந்தது. மூலைக்கு இவ்வளவு பஞ்சு தேவையில்லை, ஒரு தலையணையே செய்யலாம்.

இரண்டு படங்களும் அருமை. ஃபிரேம் போட்டுவிட்டேன். மெல்லிய கறுப்புச் சட்டம், உள்ளே வெள்ளை அட்டை.

அப்பா கடையில் வழக்கம்போல உட்கார்ந்திருக்கிறார். காது இன்னும் மந்தமாகிவிட்டது. விலை கேட்பவர்களிடம் மணி சொல்கிறார். நேற்று ஒருவர் மணமக்கள் போட்டோவைத் தலைகீழாக மாட்டும்படி ஃபிரேம் போட்டுவிட்டேன் என்று சண்டைக்கு வந்தார். உண்மைதான், போட்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. எங்கே ஞாபகமோ.

அடுத்ததை அனுப்பு. சாப்பிடு, தூங்கு.

ஆணி


பிப்ரவரி 19

என் அன்புள்ள ஆணிக்கு,

உன் கடிதத்தை இதுவரை பதினான்கு தடவை படித்துவிட்டேன். அருமை என்ற சொல்லை உன் கையெழுத்தில் நான் பார்த்ததே இல்லை. 'ரு' இவ்வளவு அழகாகப் போடுவாய் என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்காரரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றார். அவர் எல்லாப் படத்துக்கும் அதையேதான் சொல்வார், அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆனால் நீ சொன்னது வேறு. அன்றைக்குச் சாயந்திரம் காரணமே இல்லாமல் அலமாரியை எல்லாம் ஒழித்துத் துடைத்தேன். இருபது வயதில் உன்னிடமிருந்து கேட்க ஆசைப்பட்டதை முப்பத்தெட்டில் கேட்டிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன், அழுதேன்.

மறுநாள் காலையிலேயே பயம் வந்துவிட்டது. நிஜமாகவே ஒரு குறியும் இல்லையா? கன்னத்தைப் பிடித்திருக்கும் பெண்ணின் மணிக்கட்டு எனக்கே கொஞ்சம் உறுத்தியது. அதை நீ பார்த்திருப்பாய். பார்த்துவிட்டுச் சரி என்று விட்டிருப்பாய். அப்படித்தானே?

மூன்றும் நான்கும் இதோடு வருகின்றன. வங்கியில் சீட்டு வைத்துக்கொண்டு நிற்கும் ஆண்கள், சலவைக் கடைப் பெஞ்சில் ஒரு பெண். பஞ்சைக் குறைத்திருக்கிறேன்.

கொசு


பிப்ரவரி 27

கொசு,

இதைத் தபாலில் போடுவேனா என்று தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

ஜனவரி கடைசியில் உன் வீட்டுக்காரர் கடைக்குப் போன் செய்தார். உனக்குத் தெரியாமல்தான். "இந்த ஒரு தடவை மட்டும் சிவப்புப் பென்சிலை எடுக்காதீங்க. மூணு வருஷமா அவ படுற பாட்டை நான் பாக்கறேன். மாத்திரை போட்டாத்தான் தூக்கம். படம் சுமாரா இருந்தாப் போகுது, எனக்கு அவ நல்லா இருக்கணும்" என்றார். அந்த மனிதர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

இப்போது நான்கு படங்கள் என் மேசையில் இருக்கின்றன. நான்கிலும் ஒரே தப்பு. எதுவுமே தப்பாகிவிடக்கூடாது என்று நீ வரைந்திருக்கிறாய். விரல்களை எண்ணி எண்ணிப் போட்டிருக்கிறாய். கண்கள் எங்கேயும் பார்க்கவில்லை. உன் ஆட்கள் பேருந்துக்கோ டாக்டருக்கோ காத்திருக்கவில்லை, என் பென்சிலுக்குக் காத்திருக்கிறார்கள். அந்தப் பத்திரிகைக்காரர் எழுதியது எனக்கு அப்போது கோபமாக இருந்தது. இப்போது புரிகிறது. வீட்டுப்பாடம்தான். கொடுத்தது நான்.

மே இருபதாம் தேதி இவை சுவரில் ஏறினால் அதே வரியை மறுபடி யாராவது எழுதுவார்கள். இப்போது சொன்னால் நீ உடைந்துபோவாய், சொல்லாவிட்டால் அன்றைக்கு உடைந்துபோவாய். வாக்கு வேறு கொடுத்துவிட்டேன். வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு நிற்பதால்தானே எனக்கு இந்தப் பெயர் வைத்தாய். அப்படியேதான் நிற்கிறேன், பேச முடியவில்லை.

ஆணி


பிப்ரவரி 28

கொசுவுக்கு,

மூன்று, நான்கு வந்தன. இரண்டும் மிக நன்றாக வந்திருக்கின்றன. மணிக்கட்டு சரியாகத்தான் இருக்கிறது, வீணாகக் கவலைப்படாதே. ஃபிரேம் ஆகிவிட்டது.

அப்பாவுக்கு லேசான ஜலதோஷம். மற்றபடி ஒன்றுமில்லை.

ஆணி


மார்ச் 12

அன்புள்ள ஆணி,

அப்பாவின் ஜலதோஷம் போயிற்றா? உன் உடம்பு எப்படி இருக்கிறது? கண்ணைச் சோதித்து எவ்வளவு நாளாயிற்று?

கோபித்துக்கொள்ளாதே. எனக்கு உள்ளுக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருக்கிறது. முதல் இரண்டு படங்களுக்கு நீ குறி போடாதது சந்தோஷமாக இருந்தது. அடுத்த இரண்டுக்கும் இல்லை என்றதும் அந்தச் சந்தோஷமும் போய்விட்டது. முன்பெல்லாம் ஒரு கோட்டை இழுக்கும்போது, தப்பாக இருந்தால் ஆணி பார்த்துக்கொள்வாள் என்று ஒரு தைரியம் இருக்கும். இப்போது அது இல்லை. இருட்டில் மாடிப்படி இறங்குகிறவள் மாதிரி ஒவ்வொரு கோட்டையும் தடவித் தடவிப் போடுகிறேன். ஐந்தாவது படத்தில் ஒரு காதை ஒன்பது தடவை மாற்றினேன். ஒரு காதை!

காட்சிக்கூடத்து அம்மாள் அழைப்பிதழ் அச்சடிக்கக் கொடுத்துவிட்டார். என் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார். அந்த மாதிரித் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

உனக்கு என்னைப் பார்த்துச் சலித்துவிட்டதா? பதினெட்டு வருஷமாக ஒரே ஆளின் படங்களைப் பார்ப்பது சின்ன வேலையில்லை, எனக்குப் புரிகிறது. அப்படி இருந்தால் சொல்லிவிடு. இல்லையென்றால் இந்த ஐந்திலும் ஆறிலும் ஒரே ஒரு தப்பாவது கண்டுபிடித்து அனுப்பு. பிச்சையாகக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள். ஒரு சின்னக் கோடு போதும்.

கொசு


மார்ச் 18

கொசுவுக்கு,

என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஊசியில் நூல் கோர்க்க அக்கம்பக்கத்துப் பெண்கள் என்னிடம்தான் வருகிறார்கள்.

தப்பு இருந்தால் நான் சொல்லமாட்டேனா? எத்தனை வருஷமாக என்னைத் தெரியும் உனக்கு? நீ முன்னேறிவிட்டாய், அதை ஒத்துக்கொள்ளப் பழகு. ஐந்தும் ஆறும் ஃபிரேமுக்குள் போய்விட்டன.

நிம்மதியாக வேலையைப் பார்.

ஆணி


ஏப்ரல் 2

அன்புள்ள ஆணிக்கு,

ஏழாவது படம் தனியாக வருகிறது. மருத்துவமனை நடைவழி. இடப்பக்கம் ஜன்னல், ஒரு காலி நாற்காலி, அதன் பக்கத்தில் உட்காராமல் நிற்கும் பெரியவர்.

இதை இரண்டே நாளில் முடித்துவிட்டேன். வரையும்போது முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, பாட்டெல்லாம் பலமா இருக்கு" என்றார். எனக்குக் கொசு என்று பெயர் வாங்கித் தந்த அந்த முனகல் திரும்ப வந்திருக்கிறது போலிருக்கிறது, நானே கவனிக்கவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை நன்றாகப் பார். அவசரம் வேண்டாம். நாலு நாள் எடுத்துக்கொள். பார்த்துவிட்டு உனக்குத் தோன்றுவதை எழுது.

கொசு


ஏப்ரல் 9

கொசு,

நாலு நாள் எடுத்துக்கொள்ளச் சொன்னாய். ஐந்து நாள் எடுத்துக்கொண்டேன்.

படத்தைக் கடையில் கண்ணாடி வெட்டும் மேசைக்கு எதிரே சாய்த்து வைத்திருக்கிறேன். வேலை நடுவில் தலை தூக்கும்போதெல்லாம் அந்தப் பெரியவர் நிற்கிறார். உட்கார்ந்தால் ஏதோ கெட்ட செய்தி வந்துவிடும் என்று பயந்து நிற்கிற மாதிரி நிற்கிறார். அவருடைய வலது தோளை ஒரே இழுப்பில் போட்டுவிட்டு அதற்கு மேல் தொடாமல் விட்டிருக்கிறாய். அப்படி விட உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

அப்பா என் கடையில் எந்தப் படத்தையும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை, உனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை இதற்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "இந்த நாற்காலியில இருந்து இப்பத்தான் யாரோ எழுந்து போயிருக்காங்க" என்றார். பிறகு டீ குடிக்கப் போய்விட்டார்.

நீ வரைந்ததிலேயே இதுதான் சிறந்த படம். தயவுசெய்து என்னை நம்பு.

ஆணி


ஏப்ரல் 13

ஆணி,

நலம் விசாரிக்கவில்லை. விசாரிக்கும் மனநிலை இல்லை.

ஏழாவது படத்தில் ஜன்னல் இடப்பக்கம் இருக்கிறது. வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. பெரியவரின் நிழல் வலப்பக்கம் விழுகிறது. தள்ளுவண்டியின் நிழல் வலப்பக்கம் விழுகிறது. நாற்காலியின் நிழல் மட்டும் ஜன்னலைப் பார்த்து இடப்பக்கம் விழுகிறது. முதலாம் ஆண்டு மாணவிகூட செய்யாத தப்பு. வேண்டுமென்றே போட்டேன். உன்னைச் சோதிக்கத்தான் அந்தப் படத்தையே வரைந்தேன்.

ஐந்து நாள் பார்த்தாய். தோளைப் பற்றி எழுதினாய். அப்பாவைப் பற்றி எழுதினாய். நிழலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சிறந்த படமாம். என்னை நம்பு என்று வேறு கெஞ்சுகிறாய்.

அப்படியென்றால் இரண்டில் ஒன்று. நீ படங்களைப் பார்ப்பதே இல்லை, அல்லது பார்த்துவிட்டுப் பொய் சொல்கிறாய். எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பத்திரிகைக்காரர் என்னைக் குத்தினார், அது ஒரு நாள் வலி. நீ செய்தது அப்படியில்லை. நான் அழுதேன் என்று உனக்கு எழுதினேனே. அலமாரியைத் துடைத்தேன் என்று எழுதினேனே. அதைப் படித்த பிறகும் எப்படி உன்னால் முடிந்தது?

ஏழு படங்களையும் திருப்பி அனுப்பு. காட்சிக்கூடத்து அம்மாளிடம் கண்காட்சி வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, வேறு யாரையாவது போட்டுக்கொள்ளட்டும்.

கையெழுத்து போடப் பிடிக்கவில்லை.


ஏப்ரல் 16

என் கொசுவுக்கு,

காட்சிக்கூடத்தில் இன்னும் எதுவும் சொல்லாதே. இந்தப் பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்.

பிப்ரவரி 27 தேதியிட்ட ஒரு கடிதம் மேலே இருக்கும். அதை அன்றைக்கே எழுதி, அனுப்பாமல் அலமாரியில் வைத்தேன். முதலில் அதைப் படி. போனைப் பற்றி அதில் எழுதியிருக்கிறேன். அவர் மேல் கோபப்படு, ஆனால் கொஞ்சமாகக் கோபப்படு. கேட்டவர் உன் வீட்டுக்காரர், உனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தும் தலையாட்டியது நான்.

நீ சொன்னது சரி. ஆறு படங்களுக்கும் பொய் சொன்னேன். நேற்றுக் கடையை மூடிவிட்டு ஆறு ஃபிரேம்களையும் பிரித்தேன். பின்பக்கத்து டேப்பைக் கிழித்து, ஆணிகளைப் பிடுங்கி, ஒவ்வொரு படத்தின் மேலும் பட்டர் பேப்பரை விரித்து, பிப்ரவரியிலிருந்து மனதில் போட்டு வைத்திருந்த குறிகளை எல்லாம் போட்டேன். பென்சில் பாதி கரைந்துவிட்டது. ஒரு குறியையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. உன் மணிக்கட்டு தப்புதான், நீ கண்டுபிடித்தாய், நான் இல்லை என்று எழுதினேன். அதற்காக மட்டும் நீ என்னை அடிக்கலாம்.

ஏழாவது படத்துக்குத் தாள் இல்லை. மறந்துபோய் விடவில்லை.

நிழலைப் பார்த்தேன். பார்சலைப் பிரித்த நிமிஷமே பார்த்தேன். முதலில் உனக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்தேன். அப்புறம் அந்த நிழல் இல்லாமல் நாற்காலியை நினைத்துப் பார்த்தேன், வெறும் நாற்காலியாகிவிட்டது. அப்பா அந்த நாற்காலியைப் பற்றிச் சொன்னது இதனால்தான். எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். "நிழல் தப்புப் பக்கம் விழுகிறது, ஆனால் நன்றாக இருக்கிறது" என்று எழுதினால் நீ முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவாய் என்று விட்டுவிட்டேன். உன்னை எனக்குத் தெரியும் என்ற திமிர்.

என்னைப் பொறியில் மாட்டிவிட வரைந்தாய். அதனால் எனக்குப் பயப்படாமல் வரைந்தாய். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக.

நான் ஏன் யாரையும் பாராட்டுவதில்லை என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. கல்லூரியில் நம் ஓவிய வாத்தியார் என் படத்தை மட்டும் பார்த்து "பிரமாதம்" என்பார், ஞாபகம் இருக்கிறதா? நாலு வருஷம் அந்தச் சொல்லைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்த பிறகுதான் எனக்கு ஒன்றுமே தெரியாது என்று தெரிந்தது. அதற்குப் பிறகு நான் வரையவில்லை. உனக்கு அப்படி ஆகக்கூடாது என்று பென்சிலைக் கையில் எடுத்தேன். எடுத்தவள் கீழே வைக்கவே இல்லை. நடுநடுவே நன்றாக இருந்தவற்றையும் சொல்லியிருந்தால், இன்றைக்கு நான் சொல்வதை நீ நம்பியிருப்பாய்.

இப்போது என் கையில் ஒன்றும் இல்லை. ஆறு தாள்களையும் பார். அவற்றில் நான் எழுதியிருப்பது உண்மை என்று உனக்குப் பட்டால், ஏழாவதைப் பற்றிச் சொன்னதும் அதே ஆள் சொன்னதுதான்.

ஆணி


ஏப்ரல் 28

கொசு,

பன்னிரண்டு நாளாயிற்று. உன் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். நீ அவரிடமும் சரியாகப் பேசுவதில்லை, அறைக்குள்ளேயே இருக்கிறாய், சாப்பாடு மட்டும் உள்ளே போகிறது என்றார். மாத்திரை போடுகிறாயா என்று கேட்டேன், தெரியவில்லை என்றார். அவர் குரலே சரியில்லை.

ஒவ்வொரு நாளும் தபால்காரர் வரும் நேரத்துக்குக் கடை வாசலில் போய் நிற்கிறேன். அப்பா என்னைப் பார்த்து, "எந்தப் பையனோட கடிதம்?" என்கிறார். நாற்பது வயதை எட்டுகிறவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

நேற்று ஒரு கண்ணாடியை வெட்டும்போது உடைத்துவிட்டேன். கையில் ஒன்றும் இல்லை, சின்னக் கீறல்தான்.

என்னைத் திட்டி எழுது. ஒரு பக்கம் போதாது, நாலு பக்கம் எழுது. கண்காட்சியை ரத்து செய்துவிட்டாய் என்றாலும் எழுது. நீ சும்மா இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆணி


மே 9

அன்புள்ள ஆணிக்கு,

கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஒரு அரைக்கால் பாகம் மிச்சம் இருக்கிறது. அதை நேரில் வரும்போது வைத்துக்கொள்கிறேன்.

உன் பார்சலில் மேலே இருந்த கடிதங்களை மட்டும் படித்துவிட்டு, உள்ளே இருந்ததை நாலு நாள் பிரிக்கவில்லை. காட்சிக்கூடத்துக்குப் போன் போடப் போனையும் எடுத்தேன், எண்ணையும் பாதி அழுத்தினேன். அன்றைக்கு வீட்டுக்காரர் வந்து கதவுக்குப் பக்கத்தில் நின்றார். அவரோடு நான் பேசி மூன்று நாளாகியிருந்தது. அவர் சொன்னார்: "பல் செட்டுல ஒரு பல் உயரமா இருந்தா, போட்டவங்க வலிக்குதுன்னு சொல்லணும். அப்பத்தான் நான் அரத்துல ராவ முடியும். வலிக்கலைன்னு சொல்லிட்டுப் போயிட்டா வாயெல்லாம் புண்ணாயிடும். தினமும் பாக்கற தொழில்தான். உன் விஷயத்துல மறந்துட்டேன்." சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். அப்புறம்தான் மீதியைப் பிரித்தேன்.

முதல் தாளைப் பார்த்ததும் உன் மேல் கோபம் வந்தது. மூன்றாவது தாளில் உன் மேல் கோபம் வரவில்லை, என் மேல்தான் வந்தது. அத்தனையும் எனக்கு முன்பே தெரிந்தவை. தெரிந்தும், ஆணி சொல்லட்டும் என்று விட்டு வைத்தவை. ஏழாவதை எடுத்துச் சுவரோரம் வைத்தேன். உன் வார்த்தையை நம்பினேனா என்று தெரியவில்லை. ஆனால் அதை வரைந்த இரண்டு நாள் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் வந்தது. அது பொய் இல்லை.

இரண்டையும் மூன்றையும் தூக்கிப் போட்டுவிட்டேன். ஒன்று, ஐந்து, ஆறு ஆகியவற்றைத் திரும்ப வரைந்தேன். நான்காவதும் ஏழாவதும் மிச்சம், புதிதாக நான்கு படங்கள். காட்சிக்கூடத்து அம்மாளிடம் ஒன்பதுதான் என்று சொன்னேன். "காலி இடத்துல நாற்காலி போட்டுடலாம், வர்றவங்களும் கொஞ்சம் காத்திருக்கட்டும்" என்றார்.

இப்போது ஒரு விஷயம். இதை எழுதத்தான் காலையிலிருந்து தாளைக் கிழித்துக் கிழித்துப் போடுகிறேன்.

நான்காவது படம், சலவைக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண். அவள் முழங்காலைச் சுற்றி நீ பெரிதாக வட்டம் போட்டு, "கால் பங்கு குறை" என்று எழுதியிருக்கிறாய். மற்றக் குறிகளை எல்லாம் எடுத்துக்கொண்டேன். இதை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் காலையிலிருந்து நின்ற பெண். உடம்பின் பாரம் எல்லாம் அந்த முழங்காலில் வந்து இறங்கியிருக்கிறது. குறைத்தால் இப்போதுதான் வீட்டிலிருந்து கிளம்பி வந்தவள் மாதிரி ஆகிவிடுவாள். குறைத்து வரைந்தும் பார்த்தேன், அப்படித்தான் ஆனாள். அழித்துவிட்டு முன்பு இருந்தபடியே வைத்துவிட்டேன். இதில் நீ சொன்னது தப்பு.

எழுதிவிட்டேன். உன்னிடம் இப்படிச் சொல்வேன் என்று நான் நினைத்ததே இல்லை.

ஒன்பதும் இதோடு வருகின்றன. பென்சிலை எடுக்காதே என்று சொல்லவில்லை. குறி போடு, ஆனால் படத்தைத் திருப்பி அனுப்பாதே, தாளை மட்டும் அனுப்பு. மாற்றுவதா வேண்டாமா என்று நான் பார்த்துக்கொள்கிறேன், வேண்டுமென்றால் இங்கே பிரித்து மாற்றிக்கொள்கிறேன். ஃபிரேமை நீ போட்டுவிடு.

உனக்கு இது பிடிக்கவில்லை என்றால் உடனே எழுதிவிடு. காத்திருக்க வைக்காதே.

உன்,
கொசு


மே 14

என் கொசுவுக்கு,

ஒன்பதும் ஃபிரேம் ஆகிவிட்டன. நாளைக் காலை வேனில் ஏற்றுகிறேன். இறக்கும்போது கண்ணாடியைப் பிடித்துத் தூக்க வேண்டாம் என்று அங்கே சொல்லி வை.

நான்கு தாள்கள் இணைத்திருக்கிறேன். புதிய நான்கில் இரண்டுக்குக் குறி இருக்கிறது, ஆறாவதற்குக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. எடுத்துக்கொள்வதும் விடுவதும் உன் பாடு. குறி இல்லாத புதிய படங்களில் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு பெண்களும் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறார்கள். ஏன் என்று நான்காவது தாளில் எழுதியிருக்கிறேன், கறுப்புப் பென்சிலால். எழுதிப் பழக்கமில்லை, கோணலாக இருக்கும்.

சலவைக் கடைப் பெண்ணை இரண்டு நாள் எதிரே வைத்துப் பார்த்தேன். நீ எழுதிய காரணத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். முழங்கால் எனக்கு இன்னும் பெரிதாகத்தான் தெரிகிறது. என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. இருபதாம் தேதி வருகிறேன், அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்கிறவர்களிடம் எல்லாம் இதையே சொல்லப்போகிறேன், நீயும் வந்து உன் பங்குக்குச் சொல்.

நான் சொன்னேன் என்பதற்காக அதை நீ குறைத்திருந்தால், இந்தப் பெட்டியை இவ்வளவு சந்தோஷமாகக் கட்டியிருக்கமாட்டேன். மூலைக்கு மூலை பஞ்சு வைத்திருக்கிறேன்.

உன்,
ஆணி